பழைய கரியடுப்பும் புதிய கரியடுப்பும்



சென்ற ஆண்டு கோடையில் இரண்டு திங்கள் அளவு, அமெரிக்க நாட்டில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பங்கில் நாம் பணியாற்ற நேர்ந்தது. சிகாகோ நகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள சிறிய ஊர் அது. அங்குள்ள பங்குத்தந்தை விடுமுறையில் சென்றிருந்த காலத்தில், அவருக்குப் பதிலாகத் திருப்பலி நிறைவேற்றவும் நோயாளிகளைச் சந்திக்கவும் நம்மை அழைத்திருந்தார்கள். அந்நாட்டைப் பற்றி எழுதுவதற்கு எத்தனையோ இருக்க, இத்திங்கள் ஓர் அடுப்பைப் பற்றி எழுதப் போகிறோம். அடுப்புதானே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அந்த அடுப்பின் பொருட்டு ஒரு பங்குப் பேரவையே இரண்டுபட்டது. இறுதியில், ஒரு குடும்பம் அறியாமலே பேராபத்தின் வாசல்வரை சென்று திரும்பியது.

ஆகஸ்டுத் திங்களின் கடைசி ஞாயிறன்று பங்கு மக்கள் அனைவரும் கோயில் தோட்டத்தில் கூடி உண்பது அங்கு வழக்கம். உணவில் முதன்மையானது கரித்தணலில் வாட்டிய இறைச்சி. அதற்கென்று ஒரு கரியடுப்பு கோயிலின் பின்புறக் கொட்டகையில் இருந்தது. உருண்டையான பெரிய கிண்ணம், அதே அளவிற்கு உருண்டையான மூடி, பக்கத்தில் பொருள்களை வைத்துக்கொள்ள ஒரு மேசை, மேசையின் கீழே ஒரு சிறிய எரிவாயு சிலிண்டர். கரியடுப்பிற்கு எரிவாயு எதற்கு என்று நாம் வியந்தோம். கரியைப் பற்றவைப்பதற்கு மட்டும் என்று விளக்கினார்கள். சமைப்பது கரி, அதற்கு உயிர் கொடுப்பது புரொப்பேன் வாயு. வேலை முடிந்ததும் வாயுவை மூடிவிட வேண்டும்.

அந்த அடுப்பைக் கோயிலுக்குக் கொடுத்தவர் ஒரு மூதாட்டி. மோட்டார் மெக்கானிக்காக இருந்த அவருடைய கணவர் 1990-களில் அதை வாங்கினாராம். ஆண்டுதோறும் பங்கு விருந்தில் இறைச்சி வாட்டும் பொறுப்பைத் தாமே ஏற்று, வேறு எவரையும் இடுக்கியைத் தொட விடாமல் நின்றவராம். அவர் இறந்தபின் அடுப்பு கோயிலுக்கு வந்தது. வந்த நாள் முதல் அதன் பற்றவைக்கும் பகுதி வேலை செய்யவில்லை. ஆதலால் இரண்டு ஆண்டுகளாக, புட்டியில் விற்கும் பற்றவைப்பு எண்ணெயை ஊற்றிக் கரியைக் கொளுத்தினார்கள். இறைச்சியில் மண்ணெண்ணெய் வாடை வீசியது. குழந்தைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள். புதிய அடுப்பு ஒன்று வாங்க வேண்டும் என்று பேரவையில் பேச்செழுந்தது. பழையதைக் குப்பையில் போட்டுவிடலாம் என்று ஒருவர் சற்று உரக்கவே கூறினார். கடைசி வரிசையில் அந்த மூதாட்டி அமர்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. மூதாட்டி ஒன்றும் பேசவில்லை. கைப்பையைத் திறந்து, எதையோ தேடுவதுபோல் நெடுநேரம் குனிந்திருந்தார்.

முடிவை ஒரு வாரம் தள்ளிவைக்கும்படி நாம் கேட்டுக்கொண்டோம். வசதி படைத்த அன்பர் ஒருவர், தாம் அண்மையில் வாங்கிய புதிய அடுப்பைக் கொண்டுவருவதாகவும், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்றும் முன்வந்தார். அடுத்த சனிக்கிழமை மாலை அந்தச் சோதனை நடந்தது.

அதைச் சொல்லுமுன் இந்த அடுப்பின் வரலாற்றைச் சற்றுக் கூறுவது நலம்.

உருண்டை வடிவக் கரியடுப்பு பிறந்த இடமும் சிகாகோ வட்டாரமே. வெபர் சகோதரர் உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் 1952-இல் அதை உருவாக்கினார். பன்னிரண்டு பிள்ளைகளின் தந்தை அவர். அக்காலத்து அடுப்புகள் மூடியற்ற திறந்த தட்டுகளாக இருந்தன. காற்றடித்தால் சாம்பல் பறக்கும், மழை தூறினால் விருந்து கெடும். அப்பட்டறையில் நீரில் மிதக்கும் மிதவைகளுக்காக உலோக அரைக்கோளங்களைச் செய்துவந்தார்கள். அரைக்கோளம் ஒன்றைக் கிண்ணமாகவும் மற்றொன்றை மூடியாகவும் வைத்து, கால்களைப் பொருத்தினார் ஸ்டீபன். முதன்முதலில் மூடியை மூடியபோது தீ அணைந்துபோயிற்று என்றும், அண்டை வீட்டுக்காரர் ஒருவர் அதற்குக் காற்று வேண்டும் என்று கூறியபின்னரே மூடியில் துளையிட்டார் என்றும் சொல்வார்கள். இன்றைக்கும் கரியடுப்பின் வித்தை முழுவதும் அந்தத் துளைகளில்தான் அடங்கியிருக்கிறது. கீழ்த்துளையில் காற்று நுழைகிறது. மேல்துளையில் புகை வெளியேறுகிறது. துளையைத் திறந்தால் கனல் ஓங்கும், குறைத்தால் அடங்கும், இரண்டையும் மூடினால் கரி அணைந்து மறுநாளைக்கு மிஞ்சும்.

கரிக்கும் ஒரு கதை உண்டு. அந்நாட்டார் பெரும்பாலும் எரிப்பது நாம் அறிந்த மரக்கரித் துண்டுகளை அன்று. கரித்தூளை மாப்பசையுடன் பிசைந்து அச்சில் அழுத்திய தலையணை வடிவக் கட்டிகளை. பென்சில்வேனியாவைச் சேர்ந்த எல்ஸ்வர்த் ஸ்வாயர் என்பவர் 1897-இல் இத்தகைய கட்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1920-களில் மோட்டார் வாகன மன்னர் ஹென்றி போர்டு, மிச்சிகன் மாநிலத்து மர ஆலையில் வீணாகிய துண்டுகளையும் தூளையும் இவ்வாறு கட்டிகளாக்கி, தம் கார் விற்பனையாளர்கள் வாயிலாகவே விற்றார். கார் வாங்கச் சென்றவர் கரியும் வாங்கித் திரும்பினார். பிற்காலத்தில் கிங்ஸ்போர்டு என்று பெயர் பெற்றது அந்தக் கரிதான்.

கட்டிக்கரியில் ஒரு குறை உண்டு, எளிதில் பற்றாது. நம் பாட்டிமார் குமுட்டி அடுப்பைப் பற்றவைத்ததை வாசகர்களுள் பலர் கண்டிருப்பீர்கள். தேங்காய் நாரைச் சுருட்டி அடியில் வைத்து, மேலே கரியைப் பரப்பி, பனையோலை விசிறியால் கை ஓயும்வரை வீசுவார்கள். அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்காகவே பற்றவைப்பு எண்ணெய் கடைகளில் வந்தது. அது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படுவது. முழுவதும் எரிந்து தீருமுன் இறைச்சியை வைத்தால் வாடை ஏறும். எரியும் கரிமீது மீண்டும் ஊற்றினால் தீ புட்டிவரை தாவிக் கையைச் சுடும். போதாதற்கு அதன் ஆவி நகரக் காற்றையும் கெடுக்கிறது. கலிபோர்னியா மாநிலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரை உள்ளிட்ட வட்டாரத்தின் காற்றுத்தூய்மை அதிகாரிகள், கரி பற்றவைக்கும்போது எழும் ஆவிக்கு 1990-இல் விதி வகுத்து வரம்பு கட்டினார்கள் என்றால், எத்தனை வீடுகளில் எத்தனை புட்டிகள் காலியாகியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த எண்ணெய்க்கு மாற்றாக வந்ததே வாயுவால் பற்றவைக்கும் முறை. கரித்தட்டின் அடியில் ஒரு குழாய் பர்னர். சுமார் ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் வாயு கொண்ட சிறிய சிலிண்டரிலிருந்து அதற்குப் புரொப்பேன் வருகிறது. பொத்தானை அழுத்தினால் பொறி தெறித்து வாயு பற்றிக்கொள்ளும். ஐந்து நிமிட அளவில் கரியின் விளிம்புகள் சிவக்கும். உடனே வாயுவை மூடிவிடலாம். பின்பு இருபது நிமிட அளவில் கரிக்கட்டிகளின்மேல் சாம்பல் பூத்து, சமையலுக்குத் தணல் தயாராகும். புரொப்பேனைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. அது சுழியத்திற்குக் கீழே 42 பாகை செல்சியஸ் வரையிலும் ஆவியாகக் கூடியது. பியூட்டேனோ சுழியத்தை ஒட்டிய குளிரிலேயே ஆவியாக மறுத்துவிடும். சிகாகோவின் பனிக்காலத்தில் அதனை நம்ப இயலாது.

இனி சனிக்கிழமைச் சோதனைக்கு வருவோம்.

பழைய அடுப்பை ஆராய முன்வந்தவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர். எழுபது வயதைக் கடந்தவர், பேச்சுக் குறைவு. பொத்தானை அழுத்தச் சொன்னார். ‘டிக்’கென்ற ஒலியுடன் நீலப்பொறி தெறித்தது. பொறியில் குறையில்லை. அப்பொத்தானுக்குள் ஒரு சிறு படிகமும் அதன்மேல் மோதும் சுத்தியும் இருக்கின்றன. சிலவகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை பியேர் கியூரியும் அவருடைய சகோதரர் ழாக்கும் 1880-இல் கண்டறிந்தார்கள். அந்தப் பொத்தானுக்கு மின்கலம் வேண்டியதில்லை. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் உறங்கிய பின்னும் அது பொறியைத் தந்தது.

பொறி உண்டு, சிலிண்டரில் வாயுவும் உண்டு, தீ இல்லை. வீரர் சிலிண்டரைக் கழற்றி எடுத்து அப்பால் வைத்துவிட்டு, பர்னர் குழாயையும் கழற்றினார். மெல்லிய கம்பித் தூரிகை ஒன்றை உள்ளே செலுத்தி வெளியே இழுத்தார். வெண்பட்டு நூல்போல் திரண்டு வந்தது ஒரு சிலந்திக்கூடு! வாயுவோடு காற்று கலக்கும் வாய் சிலந்திகளுக்கு விருப்பமான இடமாம். அந்தக் கூடு காற்றையும் வாயுவையும் தடுத்துவிடும். சில வேளைகளில் தீயைத் தவறான முனையில் பற்றச் செய்யும். இரண்டு ஆண்டுகளாகக் குழந்தைகள் மண்ணெண்ணெய் வாடையோடு உண்டதும், ஒரு மூதாட்டியின் நினைவுப்பொருள் குப்பைக்குப் போக இருந்ததும் இந்தச் சிறு கூட்டினால்தான்.

குழாயை மீண்டும் பொருத்தியபின் அவர் சோப்பு நீர் கரைத்து, ஒவ்வொரு மூட்டிலும் தடவி, வாயுவைத் திறந்து குமிழி எழுகிறதா என்று பார்த்தார். வால்வின் அருகே ஓரிடத்தில் குமிழி எழுந்தது. உடனே வாயுவை மூடி, தேய்ந்திருந்த வாஷரை மாற்றி மீண்டும் பார்த்தார். குமிழி நின்றது. நம் இல்லங்களில் சிலிண்டர் மாற்றும்போது செய்ய வேண்டியதும் இதுவே. கசிவைத் தீக்குச்சியால் தேடுகிறவர் ஒருமுறைதான் தேடுவார்.

இரண்டு அடுப்புகளிலும் ஐம்பது ஐம்பது கரிக்கட்டிகளை அடுக்கினோம். மூடியைத் திறந்து வைத்தே பற்றவைக்க வேண்டும் என்று வீரர் வற்புறுத்தினார். புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. மூடிய கிண்ணத்தில் தேங்கி நின்றால், பொறி பட்டதும் வெடிபோல் எழும். முதல் முயற்சியில் பற்றாவிட்டால் வாயுவை மூடிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்தே மறுபடியும் முயல வேண்டும்.

புதிய அடுப்பில் குமிழைத் திருகும் ஒரே அசைவில் வாயுவும் திறந்தது, பொறியும் தெறித்தது. பழையதில் ஒரு கையால் வாயுவைத் திறந்து மறு கையால் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. புதியதன் கிண்ணமும் மூடியும் இரட்டைச் சுவர் கொண்டவை; இடையே காற்று நிற்பதால் வெப்பம் எளிதில் வெளியேறாது. இவ்வகை அடுப்பில் காற்றுத்துளைகளைக் குறைத்துவிட்டு, இறைச்சியைப் பல மணி நேரம் மெல்லிய சூட்டில் வேகவைக்கலாம். பழையது ஒற்றைச் சுவர். அதில் அவ்வாறு செய்ய வேண்டுமானால் இடையிடையே கரி சேர்த்துக்கொண்டு காவல் இருக்க வேண்டும். ஆனால் பழையதை ஒருவரே உருட்டிச் செல்லலாம். புதியதை நகர்த்த இருவர் வேண்டியிருந்தது. விலையிலும் புதியது பன்மடங்கு. பழையதற்கு வேண்டிய தட்டும் கம்பியும் வாஷரும் ஊர்க் கடையிலேயே கிடைத்தன.

சிலிண்டர் இரண்டிற்கும் ஒன்றுதான்; ஒரே குறையும் இரண்டிற்கும் உண்டு. காலியானால் எறிந்துவிட வேண்டிய வகை அது. அதை மீண்டும் நிரப்பி விற்பனைக்காகக் கொண்டுசெல்வது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். கலிபோர்னியா மாநிலத்தார் 2022-இல் ஒரு சட்டம் இயற்றி, நிரப்ப இயலாத இந்தச் சிறு சிலிண்டர்களின் விற்பனையை 2028 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்ய முடிவெடுத்தார்கள். மீண்டும் நிரப்பத் தக்க சிறு சிலிண்டர்களும் கடைகளில் கிடைக்கின்றன. இந்த அன்பர்கள் இனி அவற்றை வாங்குவதாகக் கூறினார்கள்.

இத்தனை வேறுபாடுகளுக்குப் பின்னும் கடிகாரம் சொன்னது என்ன? ஐந்து நிமிடத்தில் இரண்டிலும் வாயுவை மூடினோம். இருபது நிமிடம் கழித்து இரண்டிலும் சாம்பல் பூத்தது. ஒரே வகை இறைச்சியை இரண்டிலும் வாட்டி, எது எதில் வெந்தது என்று கூறாமல் குழந்தைகளுக்குக் கொடுத்தோம். அவர்களால் வேறுபாடு காண இயலவில்லை. இரண்டாம் முறையும் தட்டை நீட்டினார்கள். விரைந்து வாட்டும் உணவிற்குப் பழையதே போதும் என்று பேரவையினர் ஒருமனதாகக் கூறினார்கள்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் இதனை எழுத வேண்டிய தேவையே இல்லை.

விருந்து நாளன்று இரண்டு அடுப்புகளையும் வைத்திருந்தார்கள். பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. மக்கள் மண்டபத்திற்குள் ஓடினார்கள். இளைஞர் ஒருவர், பாதி வெந்த இறைச்சி வீணாகுமே என்று, எளிதில் உருளும் பழைய அடுப்பைத் தணலோடு தள்ளிக்கொண்டு போய், மண்டபத்தை ஒட்டிய கார் கொட்டகையில் நிறுத்தினார். சாரல் அடிக்காமல் இருக்கக் கதவைப் பாதி இறக்கினார். அங்கே அவருடைய மனைவி கைக்குழந்தையோடு மழைக்கு ஒதுங்கி அமர்ந்திருந்தார். நாமும் அந்த வழியே சென்றோம். குளிருக்கு அந்தத் தணல் இதமாகவே தோன்றிற்று. தவறாக ஏதும் நம் கண்ணில் படவில்லை. இதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

சற்று நேரத்தில் தீயணைப்பு வீரர் வந்தார். உள்ளே பார்த்ததும் குரலை உயர்த்தினார். “குழந்தையை வெளியே கொண்டு போங்கள், உடனே!” என்று கூறிக்கொண்டே கதவை முழுவதும் தூக்கி, அடுப்பை மழையில் தள்ளினார். இளைஞர் திகைத்து, “ஐயா, வாயுவை அப்போதே மூடிவிட்டேனே!” என்றார்.

“வாயு கசிந்தால் மூக்கு சொல்லும், தம்பி. இது சொல்லாது” என்றார் வீரர்.

அந்தத் தாய்க்கு லேசான தலைவலி தொடங்கியிருந்தது. காலையிலிருந்து ஓடியாடி உழைத்த களைப்பு என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். உடனே தாயையும் குழந்தையையும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று சோதித்தார்கள். இருவருக்கும் தீங்கில்லை என்று மருத்துவர் கூறியபின்னரே நமக்கு மூச்சு வந்தது.

வாசகர்களே, இந்த இளைஞரின் பிழையைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். படிப்பறிவும் பொறுப்பும் உள்ளவர்தாம் அவர். வாயுதான் ஆபத்து, வாயுவை மூடினால் ஆபத்து நீங்கிற்று என்று நம்பினார். நாமும் அப்படித்தான் நம்பினோம். உண்மை அதற்கு நேர்மாறானது. புரொப்பேனுக்கு இயல்பில் மணமில்லை. நம் மூக்கிற்குத் தெரியட்டும் என்றே அழுகிய முட்டைபோல் நாறும் ஒரு பொருளை அதில் கலக்கிறார்கள். எரிவாயுவிற்கு நாற்றம் சேர்ப்பதைச் சட்டமாக்கியதன் பின்னே ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று டெக்சஸ் மாநிலத்து நியூ லண்டன் பள்ளியில், மணமற்ற இயற்கை வாயு ஒருவரும் அறியாமல் கசிந்து வெடித்து, முந்நூறு பேரளவில் மாண்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அதன் பின்னரே வாயுவிற்கு நாற்றம் சேர்ப்பதை அங்கே சட்டமாக்கினார்கள்.

கரித்தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவிற்கு நாற்றம் சேர்ப்பார் எவரும் இலர். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கரி முழுமையாக எரியாதபோது அது பிறக்கிறது. இரத்தத்தில் உயிர்க்காற்று ஏறி அமர வேண்டிய இடத்தில் இது அமர்ந்துகொள்ளும். உயிர்க்காற்றைவிட இருநூறு மடங்கிற்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பின்பு குமட்டல், மயக்கம், உறக்கம். அந்த உறக்கத்திலிருந்து எழாமலே போனவர்கள் உண்டு. புகை அடங்கிச் சாம்பல் பூத்துத் தணல் அழகாய்த் தோன்றும் வேளையிலும் அது எழுந்துகொண்டேயிருக்கும். பாதி திறந்த கதவு போதாது. அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-இல் வெளியிட்ட விதியின்படி, வீட்டிலும் கூடாரத்திலும் வாகனத்திலும் எரிக்கக் கூடாது என்பதை எழுத்தறியாதவரும் உணரும்வண்ணம், கரிப் பை ஒவ்வொன்றின்மேலும் படம் அச்சிட வேண்டும். அந்தக் கொட்டகையிலும் ஒரு கரிப் பை சாய்ந்திருந்தது. படத்தை எவரும் பார்க்கவில்லை.

ஆக, பழைய அடுப்பு நல்லதா, புதிய அடுப்பு நல்லதா என்று ஒரு வாரம் வாதிட்டோம். பொத்தானையும் குமிழையும் சுவரையும் ஒப்பிட்டோம். வாயுவை மூடிய பின் இரண்டும் ஒரே அடுப்புதான்; அப்போது எரிவது கரி ஒன்றே. பற்றவைப்பது எளிதாகிவிட்டதால், எரிவதைப் பற்றிய அறிவும் தேவையற்றதாகிவிட்டது என்று மயங்கினோம். விசிறி கொண்டு கை நோக வீசிய நம் பாட்டிமார் இந்த வாயுவின் பெயரை அறியார். ஆயினும் குமுட்டியை முற்றத்திலோ தாழ்வாரத்திலோ பற்றவைத்தார்கள். அந்த வழக்கத்திற்குள் ஓர் அறிவு குடியிருந்தது. கருவி மாறும்போது வழக்கமும் கழன்று போகிறது. அதனோடு அந்த அறிவும் போய்விடாமல் காப்பது நம் கடமை.

இது கடல் கடந்த நாட்டுச் செய்தி என்று ஒதுக்கவும் இயலாது. நம் நாட்டிலும் மொட்டைமாடிகளிலும் மலையூர் விடுதிகளிலும் இத்தகைய கரியடுப்புகள் இப்போது வந்துவிட்டன. குளிருக்கு அஞ்சி, மிஞ்சிய தணலை அறைக்குள் வைத்து, சன்னலைச் சாத்திக்கொண்டு உறங்க எண்ணுகிறவர் உண்டு. சாம்பிராணிக்கென்றும், பிள்ளை பெற்றவளுக்கு இதமாக இருக்கட்டும் என்றும் மூடிய அறையில் தணல் வைப்பாரும் உண்டு. அவர்களுக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். தணலின் இடம் திறந்த வெளி. அங்கேயே எரியட்டும், அங்கேயே அணையட்டும்.

யோவான் நற்செய்தியில் இரண்டிடங்களில் கரித்தணல் வருகிறது. ஒன்று, தலைமைக் குருவின் முற்றத்தில், குளிருக்காக மூட்டியது. அதனருகே நின்றுதான் பேதுரு தம் ஆண்டவரை மறுதலித்தார். மற்றொன்று, உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் மீன் வைத்திருந்த தணல். சீடர்கள் கரையேறியபோது அது ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்தது. கரி அந்நிலைக்கு வர எவ்வளவு நேரமாகும் என்பதை இப்போது நாம் அறிவோம். அவர்கள் வருமுன்பே அங்கே தீ மூட்டப்பட்டிருந்தது, யாரோ காத்திருந்தார்கள். இரண்டு தணல்களும் திறந்த வெளியிலேதான் எரிந்தன என்பதையும் இப்போது கவனிக்கிறோம்.

பழைய அடுப்பு அந்தப் பங்கில் இன்றும் இருக்கிறது. மூடியின் உட்புறத்தில் தீயணைப்பு வீரர் தம் கையெழுத்திலேயே ஓர் எச்சரிக்கை எழுதிக் கம்பியால் கட்டியிருக்கிறார். மூடியைத் திறப்பவர் எவரும் அதைப் படித்தே ஆக வேண்டும். நாம் விடைபெறும் நாளில் அந்த மூதாட்டி நம்மைக் காண வந்தார். சிலந்திக்கூட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு நெடுநேரம் சிரித்தார். “என் கணவர் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் அந்தக் குழாயைத் துடைப்பார், ஃபாதர். எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை” என்றார்.

கேட்டிருக்கலாம் என்று நமக்குத் தோன்றியது, சொல்லவில்லை. வாசகர்களே, உங்கள் இல்லத்தில் பெரியவர் ஒருவர் ஆண்டுதோறும் மறவாமல் செய்யும் சிறு வேலை ஏதேனும் இருக்குமானால், அது எதற்கு என்று இன்றே அவரிடம் கேட்டு வையுங்கள்.

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.